அங்கிள் பிளெஸ்ஸிங்

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் சொல்ல முடியும். சொல்ல மாட்டேன். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் அவர் ஆயுள் முழுக்க எல்லாருக்கும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் இறந்தபோது ஞாபகார்த்தக் கூட்டத்தில் ஊரே வரிசையில் நின்று சொன்னது. என்னையும் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், சர்ச்சுக்குச் சொந்தமான லைன் வீடுகளில் அப்போது குடியிருந்தோம். பத்து வீடும் ஒன்றோடொன்று ஒட்டியவை. முற்றம் ஒன்று, மொட்டைமாடி ஒன்று. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் அம்மா ‘ஆண்டவரே’ என்பார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள். அவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரி ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்த்து ஓய்வு பெற்றவர். லைனில் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் அங்கிள், அவர் மனைவி ஆன்ட்டி.

டேனரியில் அவர் வேலை, வெளியே போகிற தோல் கட்டு ஒவ்வொன்றிலும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. முத்திரை இல்லாமல் ஒரு கட்டு கேட்டைத் தாண்டினால் அவர் தலைதான் உருளும். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் இருந்த ஏணி, ட்ரில் மிஷின், மடக்கு நாற்காலிகள், சாவுக்கும் கல்யாணத்துக்கும் போகிற பெரிய அண்டா எல்லாவற்றிலும் சிவப்பு எனாமல் பெயின்ட்டில் தன் இனிஷியலை எழுதி வைத்திருந்தார். கேட்டால் இல்லை என்று சொல்லவே மாட்டார். இதை நான் நியாயமாக ஒத்துக்கொள்கிறேன். கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைத்துவிடுவார். ஏணி வாங்கிக்கொண்டு போனால் கூடவே வந்து அடியில் நிற்பார். நாம் மேலே ஃபேன் துடைத்துக்கொண்டிருக்கும்போது, “பத்தரம்மா. நாப்பது வருஷத்து ஏணி. வேற யாராச்சும் இப்படிக் குடுப்பாங்களா சொல்லு” என்பார். நாம் இறங்கி வந்து நன்றி சொன்ன பிறகுதான் ஏணியைத் தூக்குவார்.

“நான் ஒண்ணும் எதிர்பாக்கறதில்ல. ஒரு வார்த்த போதும்.” இதுதான் அவர் வாய்மொழி. அந்த ஒரு வார்த்தை எங்கே, எப்போது, யார் முன்னால் சொல்லப்பட வேண்டும் என்பதில் அவருக்கு மிகத் தெளிவான திட்டம் இருந்தது.

அப்பா கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் இருந்தபோது அங்கிளுடைய சக்கர நாற்காலிதான் உதவியது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து நாங்கள் தலைக்குக் குளித்து உட்கார்ந்திருக்கிறோம். வாசலில் அங்கிள் வந்து நின்றார். நாற்காலியை எடுத்துப்போக வந்திருக்கிறார் என்று எழுந்தேன். “அது இருக்கட்டும்மா, அவசரம் இல்ல. ஞாபகார்த்த ஆராதனைல நன்றி சொல்லுவீங்கல்ல, அதுல ஒரு வார்த்த விட்டுடாதீங்க” என்றார். அம்மா தலையாட்டினார். சொல்லவும் சொன்னார். டாக்டர்கள், நர்ஸுகள், போதகர், பாடகர் குழு, சக்கர நாற்காலி. முன் வரிசையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

“தானமா குடுத்த மாட்ட பல்லப் புடிச்சிப் பாக்காத” என்பார் அம்மா. நான் பல்லைப் பார்க்கவில்லை. மாட்டைக் கொடுத்தவர் கயிற்றின் நுனியைக் கையிலேயே வைத்திருக்கிறாரே என்றுதான் சொன்னேன். “பாவம், ரிட்டயர் ஆன அன்னிக்கு டேனரில அவருக்கு ஒரு மால கூட போடலையாம். ஒருத்தர் ஒரு வார்த்த பேசலையாம். அதான் மனுஷன் இப்படி அலையுது” என்று அம்மா விளக்கம் சொன்னார். நியாயமான விளக்கம்தான். டேனரிக்காரர்கள் போடாத மாலையை நாங்கள் ஏன் ஆளுக்கொரு பூவாகக் கட்ட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு கொரோனா வந்தது. ஷூ கம்பெனி பஸ்கள் நின்றன. பள்ளிக்கூடம் மூடியது. பாடத்தை வீட்டிலிருந்து நெட்டில் எடுக்கச் சொன்னார்கள். எங்கள் லைன் மலையை ஒட்டி இருப்பதால் செல்ஃபோனில் பேசலாம், அவ்வளவுதான். படம் ஓடாது, வகுப்பு ஓடாது. கேபிள்காரருக்கு ஃபோன் போட்டால், “இப்ப புதுசா கனெக்‌ஷன் குடுக்க முடியாது மேடம், ஆளும் இல்ல, ஒயரும் இல்ல” என்றார். லைன் முழுக்க நெட் ஒயர் வந்த வீடு ஒன்றே ஒன்று. அது யார் வீடு என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசுவதற்காக அவர் அதை வாங்கி வைத்திருந்தார். ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போகும், வேறு பெட்டி எதுவும் கிடையாது. மகன்தான் ஃபோனில் சொல்லிக் கொடுத்தான்: கம்ப்யூட்டரிலேயே ஹாட்ஸ்பாட் என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்தால் பக்கத்தில் இருக்கிறவர்களும் ஒயர் இல்லாமல் அதே நெட்டை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஜன்னல் ஓரத்தில் ஒரு வைஃபை குச்சியைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்து, வீடு வீடாக வந்து பாஸ்வேர்டைக் கொடுத்தார். என் ஃபோனில் பார்த்தேன். ‘அங்கிள் பிளெஸ்ஸிங்’ என்று இங்கிலீஷில் வந்தது. ஏணியில் பெயின்ட், காற்றில் இது.

அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. உண்மையாகவே நன்றியாகவும் இருந்தது. ஏனென்றால் பள்ளியில் பீஸ் கட்டுகிறவர்கள் கம்மியாகிவிட்டார்கள், டீச்சர்களைக் குறைக்கப் போகிறோம், யாருடைய வகுப்பு நடுநடுவே அறுந்துபோகிறதோ அவர்கள் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. பாதிச் சம்பளம்தான். அந்தப் பாதியும் போனால் அம்மாவின் பென்ஷன் மருந்துக்கே சரியாகிவிடும். என் வேலை அந்த ஜன்னல் குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே நேரத்தில் எட்டுப் பேரைத்தான் சேர்த்துக்கொள்ளும். ஒன்பதாவது ஆள் தட்டினால் கதவு திறக்காது. இதை அவர் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அவர் திரையில் பேரோடு தெரியும். காலையில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, “இன்னா டீச்சர், நேத்து ராத்திரி பத்து மணிக்கும் உன் லேப்டாப் ஓடிச்சே. க்ளாஸ் அவ்ளோ நேரமா?” என்பார். எதிர் வீட்டில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அவரிடம், “உங்க பையன் வீடியோ ஜாஸ்தி பாக்கறான் போலக்கீதே” என்பார். எல்லாரும் சிரித்து மழுப்புவோம். வேறு என்ன செய்வது?

இன்னொன்று. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிடும். அது தூங்கினால் எட்டுப் பேரின் நெட்டும் போச்சு. அதனால் அவர் காலையிலிருந்து அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து அவ்வப்போது மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பார். சூப்பர்வைசர் ஒரு நாள் சொன்னார்: “அங்கிள், தூங்காம இருக்க செட்டிங் ஒண்ணு இருக்கு. ஒரு தடவ மாத்திட்டா போதும், நீங்க ஏன் பேஜார் படறீங்க?” அங்கிள் அவரை மேலும் கீழும் பார்த்தார். “தெரியும்பா” என்றார். மாற்றவில்லை. உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரிய வேண்டும். முதுகு வலிக்கிறதா என்று நாம் கேட்டுக்கேட்டு விசாரிக்க வேண்டும். செட்டிங்கை மாற்றிவிட்டால் அப்புறம் அவர் எதற்கு?

ஆன்ட்டியைப் பற்றி அதுவரை எனக்கு அதிகம் தெரியாது. குரலே வெளியே கேட்காத மனுஷி. ஆனால் சாயங்காலம் ஆனதும் ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். ஜன்னல் குச்சியின் நெட் அதுவரை எட்டும். அங்கே மகனோடு பேசுவார். அந்தச் சத்தம் கீழே கேட்கும். வேறு ஒரு ஆள் பேசுவதுபோல இருக்கும். சிரிப்பார், திட்டுவார், யாரையோ போலப் பேசிக் காட்டுவார், சில நேரம் அழுவார், மறுபடி சிரிப்பார். இருட்டும்வரை நடந்துகொண்டே பேசிவிட்டு, இறங்கி வரும்போது வாயை மூடிக்கொண்டு வருவார்.

சர்ச் மூடியிருந்ததால் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டமும் ஜூமுக்கு வந்திருந்தது. பாட்டு, ஜெபம், கடைசியில் சாட்சி. ஆண்டவர் அந்த வாரம் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவரும் சொல்வதுதான் சாட்சி. முன்பு வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து சொன்னதை இப்போது ஆளுக்கொரு கட்டத்துக்குள் உட்கார்ந்து சொன்னோம். லைனில் இருந்து சேர்கிறவர்கள் எல்லாரும் அங்கிள் நெட்டில்தான் சேர்ந்தோம். எனவே யார் சாட்சி சொன்னாலும் ஆண்டவருக்கு அடுத்த வரியில் அங்கிள் வந்துவிடுவார். “வேலை கெடச்சது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், நெட் குடுத்த அங்கிளுக்கும் நன்றி.” “பையனுக்கு ஜுரம் விட்டுச்சி, ஸ்தோத்திரம், அங்கிளுக்கும் நன்றி.” ஜுரத்துக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் எங்கள் பள்ளியில் இரண்டு டீச்சர்களை நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. நான் சாட்சி சொல்லத் தொடங்கியபோது, திரையில் அவர் கட்டத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை ஈரம் தொட்டு வாரி, கையைக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். நான் பேசினேன். நிறுத்தப்பட்ட அந்த இரண்டு பேரையும் நினைத்ததும் குரல் உடைந்துவிட்டது. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், தலைமையாசிரியைக்குச் சொன்னேன், காலையில் நான் வகுப்பு எடுக்கும்போது குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குச் சொன்னேன், ஆமென் என்று முடித்துவிட்டேன். அங்கிள் பேர் வரவில்லை. வேண்டுமென்று விடவில்லை, அழுகையில் விட்டுப்போயிற்று. அவர் கட்டத்தில் கையைக் கட்டியபடி அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் பாதி சாட்சி சொல்லும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

“அங்கிள விட்டுட்டியேடி” என்றார் அம்மா, பயந்துபோய்.

“அதுக்கு இன்னாம்மா? நாளைக்கு நேர்ல சொல்லிக்கலாம்.”

“நேர்ல சொன்னா கணக்குல சேராதுடி.”

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தேன். சேரவில்லை. மறுபடி தட்டினேன். சேரவில்லை. வகுப்புக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அன்றைக்குத் தலைமையாசிரியை வந்து கவனிப்பதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வாசலுக்கு ஓடினேன். அங்கிள் ஜன்னலுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“நெட் சேர மாட்டேங்குது அங்கிள்.”

“அப்படியா? எட்டுப் பேர் ஆயிட்டாங்கம்மா. கம்ப்யூட்டர் அவ்ளோதான் ஒத்துக்கும். உனக்கே தெரியும்.”

“இத்தன நாள் நானும் அந்த எட்டுல இருந்தேனே.”

“இருந்த. யார் மொதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு. நான் இன்னா பண்ண முடியும்? நம்ம கையில இன்னா இருக்கு? எல்லாம் ஆண்டவர் கையில. நீயே அன்னிக்கு சாட்சில சொன்னியே.” திரையைப் பார்த்தபடியே மவுஸை ஒரு தரம் ஆட்டினார்.

ஐம்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற நான், அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாதச் சம்பளத்துக்குப் பயந்து நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திறந்திருப்பார். திரும்பி வந்துவிட்டேன்.

பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆன்ட்டி நின்றிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டிப் பேசினார்.

“ட்ராயர்ல கெடந்த பழைய ஃபோனுக்கு சார்ஜ் போட்டு மாட்டி வெச்சிருக்கார். உன் எடத்துல அதான் கீது.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. யாரும் தொடாத, யாரும் பேசாத ஒரு செத்த ஃபோன் என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை உட்கார வைக்க ஒரு மனுஷர் காலையில் எழுந்து ட்ராயரைத் தேடியிருக்கிறார்.

“அதத் தொட்டா கண்டுபிடிச்சிடுவார். என்னுது என் கையில” என்று தன் ஃபோனைக் காட்டினார் ஆன்ட்டி. “வைஃபைய எடுத்துட்டேன். இப்ப ஏழுதான். நீ போய்ப் போட்டுப் பாரு, ஓடு.”

சேர்ந்தது. தலைமையாசிரியை வந்து பார்த்தார். அமிலமும் காரமும் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வேலை அன்றைக்குத் தப்பியது.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் சத்தம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் மகன் குரல் கேட்டது. அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். கடைசியில் ஆன்ட்டி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசினார்போல. “நல்லா இருக்கேன்பா. சாப்ட்டேன்பா. உடம்பப் பாத்துக்கோப்பா.” அவ்வளவுதான். மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான். என் வகுப்புக்கு விலையாக ஒரு தாய் தன் பிள்ளையோடு பேசுகிற பேச்சைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். வகுப்பு முடிந்ததும் நான் விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்தால், என் லேப்டாப் இறங்கிய அடுத்த நிமிஷம் அங்கிள் இன்னொரு ஃபோனை ஏற்றிவிடுவார், மறுபடி எனக்கும் இல்லை ஆன்ட்டிக்கும் இல்லை என்று ஆகிவிடும். அதனால் லேப்டாப்பை அணைக்கவே கூடாது என்று ஆன்ட்டியே ஜாடையில் சொன்னார்.

அங்கிள் திரையில் என் பெயர் திரும்ப வந்ததைக் கவனிக்காமல் இருப்பாரா? தன் மனைவியின் ஃபோன் காணாமல் போனதையும் பார்த்திருப்பார். ஆன்ட்டியிடம் கேட்டாரா, சண்டை போட்டாரா, தெரியாது. சுவர் வழியாக ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா டீச்சர். உனக்குன்னு கஷ்டப்பட்டு எடம் பண்ணிக் குடுத்துட்டேன். மனசு கேக்கல. நாளைக்கு ஜெபக் கூட்டத்துல ஒரு வார்த்த.”

குடத்தில் தண்ணீர் வழிந்து என் காலில் கொட்டியது. நான் நகரவில்லை. கொடுக்காமல் இருந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். சொல்லிக் காட்டுவதையும் பொறுத்துக்கொள்ளலாம், பழகிவிட்டது. அடுத்தவள் வாயைக் கட்டிக்கொண்டு கொடுத்ததை எடுத்து அதன்மேலும் தன் சிவப்பு பெயின்ட்டைப் பூசுகிறார். அதுவும் சொந்த மனைவி கொடுத்ததை.

ஆன்ட்டியிடம் பின்கட்டில் சொன்னேன். “அவர்தான் குடுத்தேன்னு சொல்றார் ஆன்ட்டி.”

“சொல்லட்டும். அவர் சொல்லாம இருந்தாதான் எனக்கு பயம்.” துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“உங்களுக்குக் கோவமே வராதா?”

“கோவம் வெச்சிக்கினு இன்னா பண்றது? எனக்கு என் புள்ளகிட்ட பேசணும். வேற ஒண்ணும் வேணாம்மா. உன் ஸ்கூல் பசங்க பரீட்ச முடியட்டும், அப்பறம் பேசிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜூம் திறந்தது. அங்கிள் அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார். அம்மா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “சொல்லிட்டுப் போயேண்டி, ஒரு வார்த்ததானே” என்றார். போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நான் தொடங்கினேன்.

“இந்த வாரம் எனக்கு நெட் இல்லாம போச்சி. என் வேலை போக வேண்டிய நாள் அது. அந்த நேரத்துல ஒருத்தர் தன்னோட எடத்த எனக்குக் குடுத்தாங்க. இன்னிக்கு அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். அங்கிளுக்கு இல்ல. ஆன்ட்டிக்கு.”

போதகர் முகம் அப்படியே நின்றது. எல்லார் முகமும் நின்றது. நடுவில் வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. அங்கிள் அணைத்துவிட்டார்.

லைனில் ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. “நெட் போச்சா?” “உங்களுக்கும் போச்சா?” கரண்ட் இருந்தது. ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் எழுந்து, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, முற்றத்துக்கு வந்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். விடுவித்துக்கொண்டேன். அவரவர் வாசலில் தள்ளித்தள்ளி எல்லாரும் நின்றிருந்தார்கள். மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரை கேட்கப் பேசுவது எனக்குப் புதிதில்லை.

“சாட்சி பாதிலதான் நிக்குது, முடிச்சிடறேன். ஆன்ட்டி தன் ஃபோன்ல வைஃபைய அணைச்சிட்டு அந்த எடத்த எனக்குக் குடுத்தாங்க. அதனால இந்த வாரம் பூரா அவங்க பையன்கிட்ட வாய் தொறந்து ஒரு வார்த்த பேசல. அவங்க யார்கிட்டயும் சொல்லல. என்னயும் சொல்லச் சொல்லல. இனிமே அந்த எடம் எனக்கு வேணாம். அது அவங்களுக்கே. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

அங்கேயே நின்று ஃபோனிலிருந்தும், பிறகு உள்ளே போய் லேப்டாப்பிலிருந்தும் ‘அங்கிள் பிளெஸ்ஸிங்’கை அழித்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். அங்கிள் ஜன்னலுக்கு வந்து, “ஒண்ணுமில்ல, ட்ரிப் ஆயிடுச்சி. இரு, இரு, போட்டுட்டேன்” என்று பொதுவாகச் சொன்னார். எல்லாரும் உள்ளே போனார்கள். கூட்டம் தொடர்ந்தது. நானும் அம்மாவும் இல்லாமல்.

அன்றைக்கு லைன் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடந்தது என்பது எனக்கு மறுநாள் மெயின் ரோட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. சிக்னல் கிடைத்ததும் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. “தேங்க் யூ அங்கிள்.” “காட் பிளெஸ் யூ அங்கிள், உடனே சரி பண்ணிட்டீங்க.” கும்பிடுகிற கைகள் அடுக்கடுக்காக. முற்றத்தில் நின்று நான் பேசியதைக் காதால் கேட்ட அதே ஆட்கள். அவர்களை நான் குற்றம் சொல்லலாமா என்று அம்மா கேட்டார். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வகுப்பு இருக்கிறது. சொல்லலாம். நான் சொல்கிறேன்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் காலடிச் சத்தம் கேட்டது. நான் காய்ந்த துணியை எடுக்கப் போனவள் படியிலேயே நின்றுவிட்டேன். ஆன்ட்டி ஒரு வாரப் பேச்சை ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார். அரிசி விலை, முதுகு வலி, என் முற்றத்துச் சாட்சி, எல்லாம் வந்தது. நான் கையை ஆட்டியதைக்கூட அவனுக்கு நடித்துக் காட்டினார். “உங்கப்பாவா? கீழ உக்காந்து மவுஸ ஆட்டிக்கினு இருக்காரு. இரு, இரு, அத அப்பறம் சொல்றேன்” என்று சொல்லிச் சிரித்தார். நான் துணியை எடுக்காமல் இறங்கிவிட்டேன்.

அதன் பிறகு என் வகுப்பு ரயில்வே கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டு ஓரத்தில் நடந்தது. மூடிக் கிடந்த ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தி, சீட்டில் லேப்டாப்பை வைத்து, ஃபோன் டேட்டாவில் எடுப்பேன். வெயில் தகரத்தைத் தாண்டி இறங்கும். போலீஸ் இரண்டு முறை நிறுத்தி அடையாள அட்டை கேட்டது. கிருஷ்ணகிரி பக்கம் போகிற லாரிகள் ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். பிள்ளைகள் லாரி வந்தால் அவர்களாகவே எழுதுவதை நிறுத்திக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் தலைமையாசிரியை ஃபோன் செய்தார். குரலில் சுகமில்லை. நிறுத்தப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

“டீச்சர், உங்க க்ளாஸ்ல லாரி சத்தம் வருதுன்னு பேரன்ட்ஸ் சொல்றாங்க. எங்கேர்ந்து எடுக்கறீங்க?”

“ரோட்ல இருந்து மேடம்.”

“ரோட்லயா? வீட்ல நெட் இருக்குன்னு சொன்னீங்களே.”

“பக்கத்து வீட்ல இருந்துச்சி மேடம். சும்மாதான் குடுத்தாங்க. எனக்குக் கட்டுப்படியாகல.”

நான் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஸ்கூல் லேப்ல நெட் இருக்கு. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன். நாளைலேர்ந்து அங்க உக்காந்து எடுங்க.”

“ரொம்ப நன்றி மேடம்” என்றேன்.

அதற்குள் அவர் ஃபோனை வைத்துவிட்டிருந்தார்.